தலையில் உட்காருகிற சைக்கிள் ஹெல்மெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றடித்து, பிரேக் சரிபார்த்துக் கொடுப்பது என் வழக்கம். கொஞ்ச நாளாக ஹெல்மெட்டையும் எடுத்து வருகிறார்கள். பெரும்பாலும் நல்ல ஹெல்மெட்தான். ஆனால் பத்தில் ஏழு தலையில் சரியாக உட்காருவதில்லை. அம்மா அப்பாக்கள் அங்கே நின்றபடி கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. மிதிவண்டிக்காரரை யாரும் நிறுத்தி ஹெல்மெட் எங்கே என்று கேட்க மாட்டார்கள். ஆனால் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உயரம் மாறாது. மெதுவாகப் போகும்போது விழுந்தாலும் தலை அங்கிருந்துதான் கீழே வரும்.

பிளஸ் ஒன்னில் அரசு தருகிற விலையில்லா மிதிவண்டியில்தான் நம் பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் தெருவைவிட்டுப் பெரிய ரோட்டுக்கு வருகிறார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

கண்டெய்னர் லாரி ஏறினால் ஹெல்மெட் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச்சாலையில் எந்த ஹெல்மெட்டும் சக்கரத்திடமிருந்து காப்பாற்றாது. டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் நுழையாமல் இருப்பதற்குப் பதிலாக ஹெல்மெட்டை நம்பக் கூடாது.

ஹெல்மெட் எதற்கு என்றால், நாம் உண்மையில் அடிக்கடி விழுகிற விழுகைக்கு. ரோட்டோர மணலில் டயர் வழுக்கும், தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரியாமல் முன்சக்கரம் இறங்கும், நிறுத்தியிருந்த ஆட்டோவின் ஓரம் கைப்பிடியில் மாட்டும், தெருநாய் குறுக்கே ஓடும். இவற்றில் தலை நேராகத் தரையில் மோதும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி. வைத்திருக்கிற தரத்தில் ஹெல்மெட்டைச் சோதிப்பதும் அப்படித்தான். தலை மாதிரி ஒன்றில் மாட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தட்டின்மேல் போடுகிறார்கள். மோதும் நேரத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்.

உள்ளே வெறும் தெர்மோகோல்தானே இருக்கிறது? அதற்கா இவ்வளவு காசு?

ஆமாம், தெர்மோகோல் வகைதான். டிவி பெட்டியில் வருவதைவிட அடர்த்தியாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் இருக்கும். தலை மோதும்போது அது நசுங்கும். நசுங்க எடுத்துக்கொள்கிற அந்த இம்மியளவு நேரத்தில்தான் மூளைக்குப் போக வேண்டிய அடி குறைகிறது. வெளியே இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, உள்ளே இருப்பது சிதறாமல் பிடித்துக்கொள்ளவும் ரோட்டில் மாட்டாமல் சறுக்கிப் போகவும் உதவுகிறது.

பாக்ஸிங் பழகும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்கள் போடுகிற ஹெட்கார்டோடு ஒப்பிட்டுச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஹெட்கார்டு பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்பவும் எழும், நூறு குத்து வாங்கும். சைக்கிள் ஹெல்மெட் ஒரே ஒரு பெரிய அடியை வாங்கிவிட்டு அதோடு செத்துப்போகும். நசுங்கின இடம் திரும்ப எழாது.

என் தலை என்ன சைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கிற இஞ்சு டேப் போதும். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். ஹெல்மெட்டுக்குச் சென்டிமீட்டர் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு, காதுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டு வாருங்கள். இறுக்க வேண்டாம். மூன்று முறை அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலைப் பிள்ளையின் ஸ்கேலில் வைத்து அளக்கலாம்.

இப்போது எஸ், எம், எல் என்ற எழுத்தை மறந்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனிக்கு எல். 55–59, 58–62 என்று உள்ளே ஒட்டியிருக்கிற எண்தான் கணக்கு. உங்கள் அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சின்னதுதான் சரியாக உட்காரும்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் நெற்றியில் குத்துகிறதே?

தலையின் உருவம் வேறு, சுற்றளவு வேறு. 57 சென்டிமீட்டர் தலை இரண்டு பேருக்கு இருக்கலாம். ஒருவருக்கு உருண்டையாகவும் இன்னொருவருக்கு முன்னும் பின்னும் நீண்டும் இருக்கும். உருண்டைத் தலைக்காரர் நீள ஹெல்மெட்டைப் போட்டால் பக்கவாட்டில், காதுக்கு மேலே இறுக்கும். நீளத் தலைக்காரர் உருண்டை ஹெல்மெட் போட்டால் நெற்றியிலும் பின்மண்டையிலும் குத்தும், காதுப் பக்கம் விரல் நுழையும். ஸ்பாஞ்ச் ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வேறு மாடலைப் போடுங்கள்.

கடையில் பத்து நிமிடமாவது போட்டுக்கொண்டு நில்லுங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். லேசான தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்ல பொருத்தம். ஒரே இடத்தில் மட்டும் சிவந்து கிடந்தால் அந்த ஹெல்மெட் உங்களுடையது அல்ல. கடைக்காரர் "போடப் போட லூஸ் ஆயிடும் சார்" என்பார். ஸ்பாஞ்ச் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். தெர்மோகோல் உங்கள் தலைக்காக வளையாது.

சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் பட்டையைப் போடாமல், பின்னால் இருக்கிற திருகை மட்டும் இறுக்குங்கள். தலையைக் குனிந்து இடவலமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் விழாமல் நிற்க வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தால் சரி. தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிய சைஸ். ஆனால் ஒன்று: திருகு என்பது கடைசிச் சின்ன இடைவெளியை எடுப்பதற்குத்தான். அதைக் கடைசிவரை முறுக்கினால்தான் நிற்கிறது என்றால், ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

உயரத்தைப் பாருங்கள். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல், அதற்கு மேல் வேண்டாம். கண்ணை மட்டும் மேலே தூக்கினால் விளிம்பு மங்கலாகத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டு விரல் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் நெற்றியில் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் எண்ணூர் விரைவுச்சாலையில் சாயங்கால நேரம், ஓரமாகக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். வியர்வைக்காக அதைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தேன், தொப்பி மாதிரி. நெற்றி நேராகத் தடுப்புக்கல்லில் போய் மோதியது. ஆறு தையல். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

பட்டையை எப்படிக் கட்டுவது? அது எப்போதும் முறுக்கிக்கொள்கிறதே.

எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஹெல்மெட்டைச் சரியாக வாங்கியவர்கள்கூடப் பட்டையைக் கடையில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு காதுக்கும் முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை வரும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கும். அது காதுமடலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது தாடைக்கு இறங்கித் தொங்கிக்கொண்டிருக்கும். பிடிப்பைத் திறந்து மேலே தள்ளி மூடுங்கள். சில மாடலில் திறக்க வராது, பட்டையை ஒவ்வொன்றாக இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரம். பிறகு தாடைக்குக் கீழே பக்கிளைப் பூட்டி, ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள்.

அக்கா மகளுக்கு இப்படிப் போட்டுவிட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏழாவது படிக்கிறாள். டியூப் லைட் வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, பட்டையை அவிழ்த்துக் கட்ட இருபது நிமிடம் ஆனது. கடைசியில் "கொட்டாவி விடுற மாதிரி வாயைத் திற" என்றேன். திறந்தாள். "மாமா, தலையைப் பிடிச்சு இழுக்குது" என்றாள். "அதுதான்மா வேணும்" என்றேன். வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையில் லேசாக அமுங்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் பட்டை லூஸ்.

பிறகு உள்ளங்கையை விளிம்பில் வைத்து மேலே, பின்னால் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்து முழு நெற்றியும் தெரிந்தது. முன்பட்டை நீளமாக இருந்ததுதான் காரணம். முன்பட்டையைச் சுருக்கியதும் நின்றது. பின்னாலிருந்து தள்ளும்போது கண்ணை மறைத்தால் பின்பட்டையைச் சுருக்க வேண்டும். ஒரு தரம் பொறுமையாகச் செய்துவிட்டால் போதும், தினமும் பக்கிளை மட்டும் பூட்டலாம். மிச்சமாகத் தொங்கும் முனையை அதிலேயே இருக்கிற ரப்பர் வளையத்தில் சொருகிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், பட்டை தானாகத் தளரும்.

வளர்கிற பிள்ளை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

கூடாது. யூனிஃபார்மை அப்படி வாங்குகிறோம், மடித்துத் தைத்து இரண்டு வருடம் ஓட்டுகிறோம். ஹெல்மெட்டை மடித்துத் தைக்க முடியாது. பெரிய ஹெல்மெட் விழும்போது முதலில் நகர்ந்துவிடும், தலை தனியாகத் தரைக்குப் போகும்.

கை கால் மாதிரித் தலை வளர்வதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆறு வயதுக்குள் மூளை பெரியவர் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதனால் சரியான அளவில் திருகு வைத்த ஹெல்மெட் வாங்கினால், செருப்பு மாற்றுகிற வேகத்தில் அதை மாற்ற வேண்டியிராது.

ரெட்டை ஜடை, கொண்டை, எண்ணெய் வைத்த தலை. என்ன செய்வது?

உச்சிக்கொண்டை இருந்தால் ஹெல்மெட் உட்காராது. குதிரைவாலை உயரமாகக் கட்டினாலும் இதே சிக்கல். பிடரிக்கு இறக்கிக் கட்டுங்கள். ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை காதுக்குக் கீழே இருந்தால் தொந்தரவில்லை, பட்டைக்கு மேல் ஜடை விழுந்தால் போதும். ஒற்றை ஜடை என்றால் பின்னால் இருக்கிற திருகுக்குக் கீழே வரும்படி விடுங்கள். சில மாடல்களில் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். பூ வைக்கும் கிளிப், ஹேர்பின் எதுவும் ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டாம். மோதும்போது அது நேராக மண்டையில் இறங்கும்.

தேங்காயெண்ணெய் தடவிய தலையில் ஹெல்மெட் நகரும், ஸ்பாஞ்சும் பிசுபிசுவென்று ஆகிவிடும். எண்ணெய் வைக்காதே என்று எந்த அம்மாவிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ராத்திரி தடவிக் காலையில் துடைத்துவிடச் சொல்கிறேன்.

தொழுகைத் தொப்பி, ஹிஜாப் போடுகிறவர்கள் மெல்லிய துணியாக, மடிப்பும் ஊசியும் இல்லாமல் உள்ளே கட்டிக்கொண்டு அதோடு அளவெடுங்கள். மொட்டை போட்டு வந்தால் திருகைக் கொஞ்சம் இறுக்கி, பட்டையை மறுபடி பாருங்கள். முடி வளர வளரத் தளர்த்துங்கள்.

வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறது. கம்பெனியில் தந்த மஞ்சள் ஹெல்மெட்டும் இருக்கிறது. அதுவே போதாதா?

மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குச் சைக்கிளில் போகிற அண்ணன்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் தாங்குவதற்கு. அதன் உள்ளே தெர்மோகோல் இல்லாமல் நாடாப் பின்னல்தான் பெரும்பாலும் இருக்கும். தாடைப் பட்டை இல்லாவிட்டால் நீங்கள் தரைக்கு வருவதற்கு முன்னால் அது பறந்துவிடும். அதைக் கம்பெனி வாசல் வரைக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு வேறு வேண்டும்.

ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட பைக் ஹெல்மெட் அடியை நன்றாகவே தாங்கும். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், காதை மூடும், மிதிக்கும்போது உள்ளே வெந்துபோகும். சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 400 கிராம்தான். பெரியவர் வேறு வழியில்லாத நாளில் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்குப் பெரியவரின் பைக் ஹெல்மெட்டை மாட்டாதீர்கள், கழுத்து தாங்காது.

விலை அதிகமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகமா?

அப்படி இல்லை. தரச் சோதனையின் அளவுகோல் எல்லா விலைக்கும் ஒன்றுதான். கூடுதல் காசு பெரும்பாலும் எடை குறைவதற்கும், காற்றோட்டத்துக்கும், திருகின் நயத்துக்கும் போகிறது. உள்ளே சி.பி.எஸ்.சி. அல்லது ஐரோப்பாவின் தரமான இ.என். 1078 என்ற எழுத்து, தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி, சென்டிமீட்டர் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாமல் கார்ட்டூன் படம் மட்டும் ஒட்டியிருந்தால் அது விளையாட்டுச் சாமான்.

மிப்ஸ் என்று எழுதியிருப்பது ஸ்வீடனில் உருவான ஓர் உள்ளடுக்கு. தலை சாய்வாக மோதும்போது ஹெல்மெட்டை 10–15 மில்லிமீட்டர் நழுவவிட்டு, மூளை முறுக்கப்படுவதைக் குறைக்கிறது. காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்துகிற சாதா ஹெல்மெட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இந்த வெக்கையில் எப்படிப் போடுவது?

காற்றுத் துளை நிறைய உள்ளதாக, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். மார்கழி விடியலிலும் மழையிலும் லாரிக்காரர் கண்ணுக்கு வெளிர் நிறம்தான் முதலில் தெரியும். உள்ளே மெல்லிய பருத்திக் கைக்குட்டை ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டலாம். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் வைத்து ஹெல்மெட்டைத் துடைக்கவே கூடாது, தெர்மோகோலைத் தின்றுவிடும். மொட்டைமாடி வெயிலிலும் பூட்டிய காருக்குள்ளும் போடாதீர்கள்.

கைக்குழந்தையைப் பாரில் வைக்கிற சின்ன சீட்டில் உட்காரவைத்து ஹெல்மெட் போடலாமா?

ஒரு வயது முடியாத குழந்தையைச் சைக்கிளிலேயே ஏற்ற வேண்டாம். கழுத்துக்கு அந்தப் பலம் வரவில்லை.

பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கியும் ஹெல்மெட்டோடு விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

கழற்றச் சொல்லுங்கள். மரம், ஜங்கிள் ஜிம், மாடிக் கம்பி இவற்றில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் தாடைப் பட்டை கழுத்தை நெரித்துவிடும். இதற்காகவே, இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பக்கிள் உள்ள சிறுவர் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவில் இ.என். 1080 என்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா? செகண்ட் ஹேண்ட்?

திருப்பித் தர முடியும் என்றால் ஆன்லைனில் வாங்குங்கள். அட்டையைக் கிழிக்காமல், மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செகண்ட் ஹேண்ட் வேண்டாம். சைக்கிளை மிதித்துப் பார்த்து வாங்கலாம். ஹெல்மெட் ஏற்கெனவே ஓர் அடியை வாங்கிவிட்டதா என்பது வெளியே தெரியாது. மாமா பிள்ளை போட்டது, எங்கும் விழவில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்றால் அது வேறு.

ஒரு தரம் விழுந்துவிட்டேன். வெளியே ஒன்றும் ஆகவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

தலையோடு மோதியிருந்தால் மாற்றுங்கள். உள்ளே ஸ்பாஞ்சைப் பிரித்து விரலால் தடவிப் பாருங்கள். முடி அளவு விரிசல், ஓரிடத்தில் பள்ளம், கனம் குறைந்தது மாதிரி ஒரு தட்டை இருக்கும். எதுவும் தெரியாவிட்டாலும் அதை நம்ப வேண்டாம். கையிலிருந்து திண்ணையில் நழுவி விழுந்ததற்கெல்லாம் பதற வேண்டியதில்லை.

அடியே படாவிட்டாலும் ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். தினமும் வெயிலிலும் கடற்காற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஐந்து என்றே சொல்வேன். பட்டை நைந்துபோனாலும், பக்கிள் பூட்டும்போது டக் என்ற சத்தம் வராவிட்டாலும் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

பழசை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், யாரோ ஒரு பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்ளும். கத்தரிக்கோலால் இரண்டு பக்கப் பட்டையையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.